உலோகத்தில் சாம்பல் நிறம்: ஒரு முகப்படத் தகட்டின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஒரு சிறிய மார்க்கிங் பட்டறையில் நடந்தது இது. பாகங்களில் வரிசை எண், லோகோ, க்யூஆர் குறியீடு பதிப்பதுதான் அங்கே அன்றாட வேலை. எந்திரம் 30 வாட் ஃபைபர் லேசர். அலைநீளம் 1064 நானோமீட்டர். பல்ஸ் அகலத்தை, அதாவது ஒவ்வொரு ஒளித்துடிப்பும் நீடிக்கும் நேரத்தை, மாற்ற முடியாத க்யூ-ஸ்விட்ச் வகை. லென்ஸ் 110 மி.மீ. சதுரப் பரப்பைப் பிடிக்கும். ஆபரேட்டர் இதற்கு முன் பல வருடம் கார்பன் டை ஆக்சைடு லேசரில் மரப்பலகையில் படம் பொறித்தவர். அந்த அனுபவம் இந்தக் கதையில் உதவியும் செய்தது, வழியும் தவற வைத்தது.

வாடிக்கையாளர் ஒரு பெண். இறந்துபோன அப்பாவின் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைக் கொண்டுவந்தார். தனக்கும் இரண்டு தம்பிகளுக்குமாக மூன்று தகடுகள் வேண்டும், ஒவ்வொன்றும் 70 × 90 மி.மீ. இரண்டு வீட்டுக்குள் சுவரில் மாட்ட, ஒன்று திறந்தவெளியில் கல்லில் பதிக்க. கண்ணாடிபோலப் பளபளக்கும் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை அவரே தேர்ந்தெடுத்தார். படத்தில் தடித்த கறுப்புச் சட்டம் போட்ட மூக்குக்கண்ணாடி, நரைத்த மீசை. அந்த மீசை தகட்டில் மீசையாகத் தெரிய வேண்டுமென்றால் அது கறுப்பாகவும் இருக்கக்கூடாது, வெள்ளையாகவும் இருக்கக்கூடாது. கடைசிவரை எங்களுக்கு அளவுகோலாக இருந்தது அதுதான்.

நான் இதில் சேர்ந்தது இரண்டாவது வாரம். அதற்குள் ஏழு தகடுகள் வீணாகியிருந்தன. ஆபரேட்டர் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார்: எதையும் தூக்கிப்போடவில்லை, ஒவ்வொன்றின் பின்புறத்திலும் மார்க்கர் பேனாவால் பவர், வேகம், ஃப்ரீக்வென்சி (வினாடிக்கு எத்தனை பல்ஸ் என்பது) எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார். இந்தக் குறிப்பை எழுத முடிவதே அதனால்தான்.

பவரை ஏற்றி இறக்கிய முயற்சி

முதல் மூன்று தகடுகளும் மென்பொருளின் கிரேஸ்கேல் முறையில் போடப்பட்டவை. பிக்சல் எவ்வளவு கறுப்போ அவ்வளவு பவர் என்பது அதன் கணக்கு. மரத்தில் இது சரியாக நடக்கும். கூடக் கொடுத்தால் கூடக் கருகும்.

ஸ்டீலில் வந்தது ஒரு முகமூடி. நெற்றி முழுக்க வெற்றுப் பளபளப்பு, கன்னத்தில் திடீரென்று ஒரு பழுப்புத் திட்டு, தலைமுடியின் நிழலில் கறுப்பு. கறுப்பின் நடுவே, எங்கே அதிகக் கறுப்பு வர வேண்டுமோ அங்கேயே, வெள்ளி நிறத்தில் சொரசொரப்பு.

இதை ஊகத்தில் விடாமல் 16 கட்டங்கள் கொண்ட ஒரு சோதனைப் பட்டை போட்டுப் பார்த்தோம். பவர் குறைவாக இருந்த முதல் சில கட்டங்களில் எதுவுமே பதியவில்லை. அப்புறம் மங்கலான வெண்மை, பிறகு மஞ்சள் கலந்த பழுப்பு, பிறகு கறுப்பு, அதற்கும் மேலே போனால் உலோகம் பெயர்ந்து மறுபடி வெளிறல். பிரித்தறியக்கூடிய சாயல் ஐந்துதான் தேறியது. அந்த ஐந்தும்கூட வரிசையாக இல்லை. உலோகத்துக்கு ஒரு வாசல் அளவு இருக்கிறது. அதற்குக் கீழே ஒன்றும் நடக்காது. அதைத் தாண்டியதும் நடப்பது ஒன்றல்ல, அடுத்தடுத்து வேறு வேறு. பல்ஸ் அகலத்தை மாற்ற முடிகிற மோபா வகை லேசர் இருந்தால் உண்மையான சாம்பல் சாயல்கள் சிலவற்றைப் பிடிக்கலாம். எங்களிடம் அது இல்லை.

முடிவு: பவரை ஒரே இடத்தில் நிறுத்திவிடுவது. புள்ளி உண்டு அல்லது இல்லை, அவ்வளவுதான். சாம்பலைத் தகட்டில் தேடாமல், செய்தித்தாள் படம்போலப் புள்ளிகளின் அடர்த்தியால் பார்ப்பவர் கண்ணில் உண்டாக்குவது.

புள்ளி முறையும் கறுத்துப்போன முகமும்

ஆபரேட்டரும் நான் வருவதற்கு முன்பே இந்த முடிவுக்கு வந்திருந்தார். நான்காம் தகட்டிலிருந்து டித்தரிங்தான், அதாவது சாயலைப் புள்ளிகளாக மாற்றும் முறை. ஆனால் 'தெளிவு கூடட்டும்' என்று 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி, வைத்திருந்தார். முகம் மொத்தமும் புகை படிந்ததுபோலக் கறுத்திருந்தது. பவரைக் குறைத்தார், மெல்லிய சாயல்கள் காணாமல் போயின. கூட்டினார், மறுபடி கறுத்தது. ஏழாம் தகடுவரை இந்த ஏற்ற இறக்கம்தான்.

"அண்ணே, பாதிக் கறுப்பு கேட்டா முக்கால் கறுப்பு தருது" என்றார். அவர் வாயில் சாதாரணமாக வந்த அந்த வாக்கியம் கணக்குப்படி கிட்டத்தட்டச் சரி என்பது பிறகுதான் தெரிந்தது.

புள்ளியை அளந்தோம்

அதுவரை யாரும் ஒரு தனிப் புள்ளி எவ்வளவு பெரியது என்று பார்த்திருக்கவில்லை. அரை மில்லிமீட்டர் இடைவெளி விட்டுப் பத்துக்குப் பத்து புள்ளிகள் போட்டு, யூஎஸ்பி நுண்ணோக்கியில் அளவுகோலோடு வைத்துப் பார்த்தோம். நடுவில் சிறு குழி, அதைச் சுற்றிக் கருவளையம். கறுப்பின் விளிம்பிலிருந்து விளிம்புவரை 0.06 மி.மீ.

600 டிபிஐ என்றால் புள்ளிக்குப் புள்ளி 0.042 மி.மீ. அதாவது 0.042 அகலமுள்ள கட்டத்துக்குள் 0.06 அகலமுள்ள புள்ளியைத் திணித்துக்கொண்டிருந்தோம். சதுரங்கப் பலகைபோல ஒன்றுவிட்டு ஒன்று புள்ளி வைத்தால் பாதிக் கறுப்பு வர வேண்டும். இந்த அளவில் ஏறக்குறைய 79 சதவீதப் பரப்பு மூடிவிடுகிறது. ஆபரேட்டர் சொன்ன முக்கால் அதுதான். இடைவெளியை 0.06 ஆக்கினால் நிலைமை தலைகீழ்: முழுக் கறுப்பு கேட்ட இடத்திலும் புள்ளிகளுக்கு நடுவே சந்து விழுந்து 79 சதவீதத்துக்கு மேல் போகாது. 0.05 வைத்தால், அதாவது 508 டிபிஐ, பாதிக் கறுப்பு 57 ஆகவும் முழுக் கறுப்பு 95 ஆகவும் வருகிறது. அதைத் தேர்ந்தெடுத்தோம். டிபிஐயைக் கூட்டினால் தெளிவு கூடும் என்பது காகிதத்தில் அச்சிடுகிறவர்களிடமிருந்து வந்த பழக்கம். இங்கே புள்ளியைவிட மிக நெருக்கமான டிபிஐ வெறும் கரிதான்.

படத்தையும் அதற்கேற்ப 1400 × 1800 பிக்சலாகவே தயாரித்தோம். இது சின்ன விஷயமாகத் தோன்றும். புள்ளிகளாக்கிய பிறகு மென்பொருள் படத்தை நீட்டவோ சுருக்கவோ செய்தால், புள்ளிகளின் ஒழுங்கு கலைந்து வலைக்கண் மாதிரி ஒரு கோலம் படத்தின்மேல் ஏறி உட்கார்ந்துவிடும். ஐந்தாம், ஆறாம் தகடுகளில் அது இருந்தது.

டித்தரிங் வகையிலும் ஒரு தேர்வு இருந்தது. 1976-இல் ஃபிளாய்டும் ஸ்டைன்பர்கும் வெளியிட்ட முறை ஒவ்வொரு பிக்சலையும் கறுப்பு அல்லது வெள்ளை ஆக்குவதில் வரும் பிழையைப் பக்கத்து நான்கு பிக்சல்களுக்குப் பங்கிடும். அதே வருடத்து ஜார்விஸ் முறை பன்னிரண்டுக்குப் பங்கிடும். முதலாவதில் நெற்றியில் புழு நெளிந்த மாதிரி கோடுகள் தெரிந்தன. இரண்டாவதில் நெற்றி வழுவழுவென்று வந்தது. மீசையின் முடி கொஞ்சம் கூர்மை இழந்தது. முன்கூட்டியே படத்தைச் சற்றுக் கூர்மையாக்கி அதைச் சமாளித்தோம்.

வரிவரியாக வந்த பட்டைகள்

எட்டாம் தகட்டில் முகம் முகமாகவே வந்தது. ஆனால் கன்னத்தில் சீரான இடைவெளியில் மெல்லிய பட்டைகள். லென்ஸில் அழுக்கு என்று துடைத்தோம். ஒளிக்கற்றையைத் திருப்பும் கண்ணாடி அசைகிறது என்று சந்தேகப்பட்டோம். காரணம் மார்க்கர் பேனாவில் எழுதியிருந்த இரண்டு எண்களில் இருந்தது: வேகம் வினாடிக்கு 1200 மி.மீ., ஃப்ரீக்வென்சி 20 கிலோஹெர்ட்ஸ். வகுத்தால் பல்ஸுக்குப் பல்ஸ் 0.06 மி.மீ.; பிக்சலோ 0.05. ஆறு பிக்சலுக்கு ஐந்து பல்ஸ்தான். ஆறில் ஒன்றுக்கு அடி விழவில்லை; விழாத இடங்கள் அடுத்தடுத்த வரிகளில் சேர்ந்து பட்டையாகத் தெரிந்தன.

வேகத்தை 1000 ஆகக் குறைத்தால் ஒரு பிக்சலுக்கு ஒரு பல்ஸ் என்று கணக்கு ஒத்துவரும். ஆனால் ஒற்றைப் பல்ஸில் ஸ்டீல் போதிய கறுப்பு ஆகவில்லை. அதனால் ஒவ்வொரு புள்ளியிலும் ஒளிக்கற்றை நின்று அடித்துவிட்டு நகரும் முறைக்குப் போனோம்: 40 கிலோஹெர்ட்ஸ், புள்ளிக்கு 0.4 மில்லிவினாடி, ஆக ஒரு புள்ளிக்கு 16 பல்ஸ். அடிகளின் எண்ணிக்கையைக் கூட்டி ஒவ்வோர் அடியின் ஆற்றலைக் குறைத்ததால் புள்ளியின் அகலம் 0.06-லேயே நின்றது. விலை, நேரம். படத்தில் 25 லட்சம் பிக்சல். அதில் 45 சதவீதம் கறுப்பு. நிற்கும் நேரம் மட்டுமே ஏழரை நிமிடம், நகரும் நேரத்தையும் சேர்த்தால் இருபதை ஒட்டி வந்தது. வரிசை எண் போடும் இருபது வினாடி வேலைக்குப் பழகிய பட்டறையில் புகை உறிஞ்சியைச் சிலசமயம் போடாமலே விட்டிருந்தார்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் புகையில் குரோமியம் உண்டு. இருபது நிமிட வேலையில் அந்த அலட்சியம் ஆகாது என்று அன்றே நிறுத்தினோம்.

கூடவே ஒரு திருத்தம். இரு பக்கமும் போய்வந்து அடிக்கும் முறையில் மூக்குக்கண்ணாடிச் சட்டத்தின் ஓரம் இரட்டையாகத் தெரிந்தது. ஒரு திசையில் மட்டும் அடிக்கவிட்டதும் சரியானது.

அப்புறம் 5 சதவீத இடைவெளியில் 21 கட்டங்கள் கொண்ட பட்டை ஒன்றை அதே செட்டிங்கில் போட்டு, பளபளப்பில்லாத தாளில் அச்சிட்ட பட்டையோடு அரை மீட்டர் தள்ளி வைத்து ஒப்பிட்டோம். எதிர்பார்த்த அளவுக்கு விலகல் இல்லை. நடுச் சாயல்களில் மட்டும் லேசாக வளைவை, அதாவது படத்தின் எந்தச் சாயலுக்கு எவ்வளவு புள்ளி என்ற கணக்கை, தூக்க வேண்டியிருந்தது. இவ்வளவு எளிதாக முடிந்ததில் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஒன்பதாம் தகடு அருமையாக வந்தது. மீசை நரைத்திருந்தது. கொடுத்தனுப்பினோம்.

ஜன்னல் பக்கம்

இரண்டு நாள் கழித்து அந்தப் பெண் தகட்டோடு வந்தார். "கடையில பாத்தப்ப நல்லா இருந்துச்சு. வீட்ல மாட்டினா அப்பா முகம் பேய் மாதிரி தெரியுது" என்றார். கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

தகட்டைப் பட்டறையின் மேசையிலிருந்து எடுத்து வாசலுக்குப் போய்ச் சாய்த்துப் பார்த்ததும் விளங்கிவிட்டது. பட்டறையில் தகட்டுக்கு மேலே வெள்ளைக் கூரை, குழல்விளக்கு. புள்ளி இல்லாத பளபளப்பு அந்த வெள்ளையைப் பிரதிபலித்தது, அதனால் வெள்ளையாகத் தெரிந்தது. அவர் வீட்டில் தகடு மாட்டிய சுவருக்கு எதிரே இருட்டான அறையின் கதவு, பக்கவாட்டில் ஜன்னல். பளபளப்பு இப்போது இருட்டைப் பிரதிபலிக்கிறது. சொரசொரப்பான புள்ளிகள் ஜன்னல் ஒளியைச் சிதறடித்து மின்னுகின்றன. கறுப்பு வெள்ளையாகி, வெள்ளை கறுப்பாகி, படம் நெகடிவாகிவிட்டது.

இரண்டு வாரம் நாங்கள் சாம்பலின் கறுப்புப் பாதியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். வெள்ளைப் பாதி தகட்டில் இல்லவே இல்லை. அதைக் கூரையிடம் கடன் வாங்கியிருந்தோம்.

தகட்டை மாற்றும் முடிவு

மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, கறுப்புப் புள்ளிகளைப் போடும் முன் ஃபோகஸைத் தள்ளி வைத்துப் பரப்பு முழுவதையும் லேசரால் பனி படர்ந்ததுபோல வெளுக்கவைப்பது. செய்து பார்த்தோம். பெரும்பாலான கோணங்களில் படம் நின்றது, ஆனால் வெளுத்த பரப்பில் லேசர் ஓடிய திசை தலைமுடி சீவியதுபோலத் தெரிந்தது. ஒரு கோணத்தில் அந்தக் கீற்றுகள் கண்ணை உறுத்தின. இரண்டு, மணி வீச்சால், அதாவது சிறு மணிகளை வேகமாக வீசியடித்து, மங்கலாக்கிய ஸ்டீல். மூன்று, கறுப்பு அனோடைஸ் செய்த, அதாவது மேற்பரப்பில் ஆக்சைடு படலம் வளர்த்து அதில் கறுப்புச் சாயம் ஏற்றிய, அலுமினியம்.

வீட்டுக்குள் மாட்டும் இரண்டுக்கும் அலுமினியம் என்று பரிந்துரைத்தேன். அதில் லேசர் சாயத்தை வெளுக்கிறது. வெளுத்த இடம் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும், சாயம் உள்ள இடம் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் கறுப்பு. யாருடைய கூரையையும் நம்ப வேண்டாம். வாடிக்கையாளருக்கு ஸ்டீலின் கனம் கையில் வேண்டும் என்று ஆசை. ஒரு மாதிரியைப் போட்டு அதே சுவரில் வைத்துப் பார்க்கக் கொடுத்தோம்; பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார். திறந்தவெளிக்குள்ளதற்கு அலுமினியத்தை நான் சொல்லவில்லை. வெயிலில் அந்தச் சாயம் காலப்போக்கில் வெளிறக்கூடும். அங்கே மங்கலாக்கிய ஸ்டீல்.

அலுமினியத்தில் பழைய வளைவு பலிக்கவில்லை

முதல் அலுமினியத் தகடு நெகடிவாக வந்தது. ஸ்டீலில் லேசர் கறுப்பை வரைகிறது; இங்கே வெள்ளையை. படத்தைத் திருப்பிப்போட மறந்துவிட்டோம். சிரித்துவிட்டு அடுத்ததைப் போட்டோம்.

அடுத்தது பாலில் தோய்த்ததுபோல வெளுத்திருந்தது. ஸ்டீலில் அவ்வளவு நன்றாக ஒத்துப்போன வளைவு இங்கே ஏன் இப்படி என்று அரை நாள் மண்டையை உடைத்தோம். காரணம் புரிந்தபோது, ஸ்டீலில் எல்லாம் ஏன் அவ்வளவு எளிதாக முடிந்தது என்பதும் சேர்ந்து புரிந்தது.

படக் கோப்பில் 128 என்ற மதிப்பு, 255-இல் பாதி. ஆனால் அது திரையில் தரும் ஒளி முழு வெள்ளையின் பாதி அல்ல. ஏறக்குறைய 22 சதவீதம்தான். கண்ணின் இயல்புக்கு ஏற்ப அப்படி எழுதிவைத்திருக்கிறார்கள். சாதாரண டித்தரிங் அதைக் கண்டுகொள்ளாமல் 128-க்குப் பாதிப் புள்ளிகளை வைக்கிறது. ஆகவே நடுச் சாயல்கள் இருக்க வேண்டியதைவிட வெளிறுகின்றன. ஸ்டீலில் புள்ளி தன் கட்டத்தைத் தாண்டிப் பரவுவது நடுச் சாயலைக் கறுக்கவைக்கிறது. ஒன்று வெளுக்க, ஒன்று கறுக்க, இரண்டு பிழைகளும் ஓரளவு ஒன்றையொன்று தின்றுவிட்டன. அலுமினியத்தில் புள்ளியே வெள்ளை. பரவினால் இன்னும் வெளுக்கும். இரண்டு பிழைகளும் ஒரே பக்கம் சாய்ந்துவிட்டன.

எனவே படத்தை முதலில் ஒளியின் உண்மை அளவுக்கு மாற்றி, பிறகு புள்ளிப் பரவலுக்குத் தனியாகத் திருத்தம் கொடுத்தோம். 21 கட்டப் பட்டையை அலுமினியத்திலேயே புதிதாகப் போட்டு அளந்தோம். சாயத்தை வெளுக்கச் சிறிதளவு ஆற்றலே போதும் என்பதால், நின்று அடிக்க வேண்டியிருக்கவில்லை. 20 கிலோஹெர்ட்ஸ், 1000 மி.மீ. வேகம், பிக்சலுக்கு ஒரு பல்ஸ். நான்காவது அலுமினியத் தகடு சரியாக வந்தது.

திறந்தவெளித் தகடு

இது தனி வேலையாகிவிட்டது. மணி வீச்சுப் பரப்பில் புள்ளியின் ஓரம் கலங்கலாக இருந்தது, ஆகவே இடைவெளியை 0.055 ஆக்கினோம். இமை முடி போய்விட்டது, அதை ஏற்றுக்கொண்டோம்.

கவலை துரு. லேசர் சூடாக்கிய இடத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் காக்கும் குரோமியம் ஆக்சைடு படலம் கெடலாம். ஒரு மாதிரித் தகட்டை உப்புத் தண்ணீரில் நனைத்த துணியில் ஒரு வாரம் சுற்றி வைத்தோம். மூக்குக்கண்ணாடிச் சட்டத்தில், புள்ளிகள் இடைவிடாமல் நெருங்கியிருந்த இடத்தில், பழுப்புப் பொட்டுகள். நிற்கும் நேரத்தை 0.25 மில்லிவினாடியாகக் குறைத்து, மார்க்கிங் முடிந்தபின் சிட்ரிக் அமிலத்தில் ஊறவைத்து எடுத்தோம். பொட்டு வரவில்லை; ஆனால் அமிலம் கறுப்பைக் கொஞ்சம் தின்றிருந்தது. ஆகவே சோதனைப் பட்டையையும் அமிலத்தில் போட்டெடுத்த பிறகே அளந்து வளைவை மறுபடி வரைந்தோம்.

என்ன ஆனது

மூன்று தகடுகளும் போய்ச் சேர்ந்தன. சுவரில் மாட்டிய இரண்டும் காலையிலும் மாலையிலும் ஒரே முகத்தைக் காட்டுவதாக அந்தப் பெண் சொன்னார். கல்லில் பதித்ததை நான்கு மாதம் மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தேன். துரு இல்லை. இடது காதுக்கு மேலே முடியின் நிழல் இன்னும் ஒரே கறுப்புத் திட்டாகத்தான் இருக்கிறது. அங்கே சாயல் பிரியவே இல்லை. பழைய படத்திலேயே அந்த இடத்தில் விவரம் குறைவு என்று ஆபரேட்டர் சொல்கிறார். பாதி உண்மை; மீதி நாங்கள் விட்டது.

கடைசியாகப் போய்ச் சேர்ந்தவற்றைத் தவிர்த்த கணக்கில் ஸ்டீலில் ஒன்பது தகடுகள், வெளுக்கவைத்துப் பார்த்த ஒன்று, அலுமினியத்தில் மூன்று, அமில மாதிரிகள் தனி. பளபளப்பு ஸ்டீலில் நன்றாக வந்த அந்த ஒன்பதாம் தகட்டை அவர் திருப்பித் தரவில்லை. மேசையில் கிடத்திப் பார்த்தால் நன்றாக இருக்கிறதாம்.

இப்போது செய்தால்

முதல் நாளே தனிப் புள்ளியை அளப்பேன்; டிபிஐ என்ற எண்ணை அதற்குமுன் யாரும் உச்சரிக்க விடமாட்டேன். வேகத்தையும் ஃப்ரீக்வென்சியையும் வகுத்துப் பிக்சலோடு ஒத்துப்பார்ப்பதற்கு ஒரு நிமிடம் ஆகும். நாங்கள் ஒரு நாள் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தோம். சோதனைப் பட்டையைப் பொருள் மாறும்போதெல்லாம் புதிதாகப் போடுவேன், முதல் பட்டை அதிசயமாக ஒத்துப்போனாலும். வீணான தகடுகளின் பின்புறம் எழுதிவைக்கும் பழக்கத்தை மட்டும் மாற்ற மாட்டேன்.

பட்டறையில் இப்போது முகப்பட வேலை வந்தால், தகட்டின் ரகத்தைப் பேசும் முன் வாடிக்கையாளரிடம் ஒரு கைபேசிப் படம் கேட்கிறார்கள்: தகடு மாட்டப்போகும் சுவரில் நின்றுகொண்டு, சுவருக்கு எதிரே இருப்பதைப் பகலில் எடுத்த படம்.